விட்டுக்கொடுக்காத எதிராளி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பழைய ஐரோப்பிய வாட்கலையில் புள்ளி வைத்து ஆடும் போட்டிக்கு இடம் உண்டா என்பது கேள்வி. உண்டு என்று சொல்வது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று குற்றம் சாட்டினார். கலை வெறும் விளையாட்டாகிவிடும் என்றார். வெட்டு வாங்கினாலும் பரவாயில்லை, புள்ளி வந்தால் சரி என்ற புத்தி வளரும் என்றார். விரல் உடையும் என்றார். பின்னிரண்டும் நிஜமான நோய்கள்; நான் மறுக்கப் போவதில்லை. நோய்க்கு மருந்து இருக்கிறதா என்பதுதான் என் பேச்சு.

முதலில், இந்தக் கலை நமக்கு எப்படி வந்து சேர்ந்தது? ஆசான் கையிலிருந்து மாணவன் கைக்கு அறுபடாமல் வந்ததல்ல இது. இரு கையால் பிடிக்கும் நீள்வாளின் முறை இடையில் அறுந்துபோய், சுவடிகள் மட்டும் மிஞ்சின. வாளும் கைக்கேடயமும் பற்றிய ஐ.33 சுவடி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தின் சொத்து. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ஜெர்மானிய ஆசான் லீக்டனாவரின் பாடம் வேண்டுமென்றே மறைபொருளாகக் கட்டிய செய்யுள். சுவடிப் படத்தில் இருவர் வாளோடு வாள் மோதி நிற்கிறார்கள். அதற்கு முன் கை நகர்ந்ததா, கால் நகர்ந்ததா என்று படம் சொல்லாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்போம். இங்கே கலை முழுவதுமே ஏட்டில்தான் கிடக்கிறது. எந்த வாசிப்பு கறிக்கு உதவும் என்பதை எங்கே சோதிப்பது?

லீக்டனாவர் செய்யுளில் வரும் 'சோர்ன்ஹாவ்' என்ற வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வலத்தோளிலிருந்து குறுக்காக இறங்கும் வெட்டு. எதிராளி மேலிருந்து வெட்டும்போது அவன் வாளோடு மோதி, அந்த மோதலிலிருந்தே முனையை அவன் முகத்துக்குச் செலுத்த வேண்டும். பயிற்சிக் கூட்டாளியோடு செய்தால் பத்துக்குப் பத்தும் பலிக்கும். காரணம், அவன் சொன்ன தூரத்தில், சொன்ன கோட்டில் வெட்டுகிறான், மோதியதும் நின்றுவிடுகிறான். விட்டுக்கொடுக்காத எதிராளி நிற்பானா? வாளை அழுத்தி உங்கள் முனையைத் தள்ளுவான். அல்லது வெட்டுவதுபோல் காட்டிக் கையை அடிப்பான். அவன் அதை உணர்ந்துவிட்டால் மேலே எடுத்துவிடு என்று அதே செய்யுளின் அடுத்த வரி சொல்கிறது. எதிராளி எதிர்க்கும்போதுதான் அந்த வரி ஏன் எழுதப்பட்டது என்றே புரிகிறது.

சங்கத்துக்குள் நட்பாக மோதிப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒரே ஆசானிடம் படித்தவர்களுக்கு அவருடைய பிழையும் பொதுச்சொத்து. எல்லோரும் ஒரே இடத்தில் கையைத் திறந்து வைத்தால், அதைத் திறப்பு என்றே யாரும் அறியமாட்டார்கள். அதே ஏட்டை வேறு ஊரில் வேறு விதமாகப் படித்த அந்நியன்தான் அதைக் காட்டிக்கொடுப்பான். ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் 2006-இல் தொடங்கிய ஸ்வோர்ட்ஃபிஷ் போன்ற போட்டிகள் அந்த அந்நியர்களை ஒரே களத்தில் நிறுத்தின.

விளையாட்டாகிவிடும் என்ற குற்றச்சாட்டுக்கு வரலாறே பதில் வைத்திருக்கிறது. 1487-இல் நூரம்பெர்கில் பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக்கிடம் உரிமைப் பட்டயம் பெற்ற சங்கம் மார்க்ஸ்ப்ரூடர். அங்கே ஆசான் பட்டம் வேண்டுபவர், ஃபிராங்க்ஃபர்ட் சந்தைக் காலத்தில் சங்கத்து ஆசான்களோடு மோதிக் காட்ட வேண்டும். ஜெர்மானிய நகரங்களில் 'ஃபெக்ட்ஷூலே' என்ற பொதுப்போட்டி பரிசோடு நடந்தது. மழுங்கிய வாள்தான், ஆனால் எதிராளியின் உடலில் மிக உயரமான இடத்தில் ரத்தம் வரவைத்தவருக்கே வெற்றி. நீள்வாளால் குத்துவது ஜெர்மானியரிடையே வழக்கொழிந்துவிட்டது என்று 1570-இல் ஜெர்மானிய ஆசான் மெயர் தம் வாட்கலை நூலில் எழுதுகிறார். விதி, பரிசு, வேடிக்கை பார்க்கும் கூட்டம், விலக்கப்பட்ட அடி எல்லாம் அன்றே உண்டு. அந்தச் சூழலில் எழுந்த மெயரின் நூலைக் கையில் வைத்துக்கொண்டு, போட்டி இந்தக் கலைக்கு அந்நியம் என்று எப்படிச் சொல்வது?

லண்டனுக்கு வாருங்கள். ரேப்பியர் என்ற நீண்ட மெல்லிய வாளின் இத்தாலிய முறையைக் கடுமையாகச் சாடி 1599-இல் நூல் வெளியிட்டவர் ஆங்கிலேயர் ஜார்ஜ் சில்வர். அவரும் சகோதரர் டோபியும் சவியோலோ, ஜெரோனிமோ என்ற இத்தாலிய ஆசான்களுக்கு அச்சிட்ட அறைகூவல் விட்டார்கள். பெல் சாவேஜ் விடுதியில் மேடை. அளவுக்கு மீறிப் பின்வாங்குபவன் விழுந்து கழுத்தை முறித்துக்கொள்ளும்படியான மேடை! இத்தாலியர் வரவில்லை என்று சில்வர் எழுதுகிறார். அது ஒரு தரப்பின் சாட்சியம்தான். ஆனாலும் எந்த முறை சரி என்ற வழக்கை அவர் கொண்டுபோன இடம், நாலு பேர் பார்க்கும் களம்.

இனி இரட்டை அடி. இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வது. எதிரணி நண்பர் இத்தாலிய ஆசான் ஃபியோரேயைக் காட்டினார். கூர்வாளில் ஒரு தடுப்புத் தவறினால் அந்த அடியிலேயே சாவு. கவசத்தோடு மோதுபவன் பல அடி வாங்கியும் வெல்லலாம் என்கிறார் அவர். சத்தியமான வார்த்தை. அந்த அச்சத்தை விதிக்குள் கொண்டுவர முடியுமா என்பதே கேள்வி.

கணக்குப் போடுங்கள். 5 புள்ளி ஆட்டம். ஒருவர் 4, மற்றவர் 2. இரட்டை அடியில் இருவருக்கும் தலா ஒரு புள்ளி என்று விதி இருந்தால், முன்னிலையில் இருப்பவர் தடுக்கவே வேண்டாம். எதிராளியோடு சேர்ந்து பாய்ந்தால் 5–3, வெற்றி. சாவுக்குப் பரிசு கொடுப்பது இங்கே விதியை எழுதியவர். மாற்றி எழுதுங்கள்: இரட்டை அடிக்கு இருவருக்கும் பூஜ்யம், மூன்றாவது இரட்டை அடியோடு இருவரும் தோற்றவர்கள். இப்போது முன்னிலையில் இருப்பவருக்குத்தான் இழப்பதற்கு அதிகம் இருக்கிறது. அவர் வாளை மூடிக்கொண்டு வருவார்.

பதிலடியும் அப்படியே. வெட்டு வாங்கியவர் ஓரடி எடுத்துவைப்பதற்குள் திருப்பி அடித்தால், வெட்டியவரின் புள்ளி குறைய வேண்டும். தலைக்கு 3, கைக்கு 1 என்றால், தலையில் வெட்டிக் கையில் வாங்கியவருக்கு 2. ஆனால் அந்தப் பதிலடி, அடித்தவர் கணக்கில் புள்ளியாக ஏறக் கூடாது. ஏறினால், அடி வாங்கிக்கொண்டே திருப்பி அடிப்பதையே தொழிலாக்கிக்கொள்வார்கள். ஒலிம்பிக் வாள்வீச்சின் எப்பே பிரிவில், 1/20 வினாடி முந்தித் தொட்டவருக்கே மின்கருவி விளக்கெரிக்கும். அதற்குப் பின் வருவது கணக்கில் இல்லை. நமக்கு அது போதாது. வெட்டியபின் வாளை முன்னால் வைத்தபடியே விலகும் பழக்கத்தைப் பதிலடி விதிதான் கற்றுக்கொடுக்கிறது.

விரலுக்கு வருகிறேன். இங்கே எதிரணியின் கவலை என் கவலையும்தான். பயிற்சி வாளான ஃபெடர் சுமார் ஒன்றரைக் கிலோ. கை எப்போதும் முன்னால் இருக்கிறது. சில வெட்டுகளில் கட்டைவிரலை அலகின் தட்டைப் பக்கத்தில் வைத்துப் பிடிக்க வேண்டும். விரல் நுனி குறுக்குச் சட்டத்தை ஒட்டி நிற்கும். மெல்லிய தோல் உறை போதவே போதாது, விரல் நுனி வரை கடினத் தகடு மூட வேண்டும். சாதாரண வாள்வீச்சு முகமூடி பின்மண்டையை மறைக்காது. ஆகவே மேலுறையும் வேண்டும், பின்மண்டை அடிக்குத் தடையும் வேண்டும். முகமூடியின் கீழ்த்துணிக்கு உள்ளே தொண்டைக்குக் கடினக் காப்பு கட்டாயம். குத்தும்போது வளையாத அலகு முழு விசையையும் உடம்புக்குள் இறக்கும். அதைக் களத்துக்குள் விடவே கூடாது. மோதலில் ஓரத்தில் எழும்பும் பிசிறை அரத்தால் ராவாவிட்டால் அது மேலங்கியைக் கிழிக்கும். களத்துக்குள் நுழையும் முன் ஒவ்வொரு வாளும் இப்படிச் சோதிக்கப்படுவதே ஒழுங்கான போட்டி. நீளத்தையும் அங்கேயே அளந்துவிடலாம். எட்டுவதற்காக வாளை நீட்டிக்கொண்டே போகும் ஆசைக்கு அதுதான் கடிவாளம். இத்தனை சோதனை சங்கத்துப் பயிற்சியில் எத்தனை பேர் செய்கிறார்கள்?

போட்டி காட்டாததும் உண்டு. நாலு மூலையில் கொடியோடு நிற்கும் நடுவர்களுக்கு, வாளின் ஓரம் பட்டதா, தட்டைப் பக்கம் பட்டதா என்பது பல நேரம் தெரியாது. அதற்கு நனைத்த பாய்ச்சுருளைக் கூர்வாளால் வெட்டிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. அதையும் பக்கத்தில் வையுங்கள். கூட்டாளியோடு செய்யும் பயிற்சியையும் விடாதீர்கள். போட்டியைச் சேர்க்க வேண்டும் என்கிறோமே தவிர, மற்றதை விரட்டச் சொல்லவில்லை.

எதிரணிக்கு ஒரு கேள்வி. ஒரே செய்யுள் வரியை இரண்டு ஊர்ச் சங்கங்கள் இரண்டு விதமாகப் படிக்கின்றன. ஒருவர் கையை முதலில் நகர்த்துகிறார், மற்றவர் காலை. களமும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம் என்றால், யார் படித்தது சரி என்று எதைக்கொண்டு தீர்ப்பீர்கள்? அடுத்துப் பேச வருகிறவர் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.