முகமே வரையாமல் ஆளை அடையாளம் காட்டலாம்!

கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. ஆனாலும் படத்தைப் பார்த்ததும் "அட, இது நம்ம அண்ணன்தானே!" என்று சொல்ல வைக்கலாம். எப்படி என்று பார்ப்போம். வணக்கம் நண்பர்களே!

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலக் கூட்டம். தூரத்தில் ஒருத்தர் முதுகு மட்டும்தான் தெரிகிறது. அதை வைத்தே "அதோ மாமா" என்று ஒரு பையன் சரியாகச் சொல்லிவிடுவான். தோள் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, எந்தக் காலில் பாரம் போட்டு நிற்கிறார் என்பதெல்லாம் அவன் கண்ணுக்குப் பழக்கம்.

அளவுக் கணக்கைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நிற்கும் பெரியவரின் உயரம் சுமார் ஏழரைத் தலை, அதாவது அவர் தலையின் உயரத்தைப்போல் ஏழரை மடங்கு. உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் பாதியில் கண்கள். புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள். சரி, இதெல்லாம் சராசரி. உங்கள் எதிரில் இருப்பவர் இந்தச் சராசரியிலிருந்து எங்கே விலகுகிறார்? ஜாடை அங்கேதான் இருக்கிறது.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருவோம். வியாசர்பாடியில் தெருவோரக் கேரம் போர்டு! படம் பழக இதைவிட நல்ல மாடல் கிடைக்காது. ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதற்கு முன் சில நொடி ஆள் அசைய மாட்டார். அடுத்த முறை அவர் ஆட்டம் வரும்போது கிட்டத்தட்ட அதே மாதிரிதான் குனிவார். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அவர் கையை வரையாதீர்கள். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கும் காலி இடத்தை வரையுங்கள். ஒருத்தருக்கு அது ஒல்லியான முக்கோணம். எதிரில் இருப்பவர் முழங்கையை விரித்து ஆடுகிறவர், அவருக்கு அகலம். கை என்றதும் மனசு ஒரு ரெடிமேட் கையை எடுத்து நீட்டிவிடும். காலி இடத்துக்கு மனசில் அப்படி எந்தப் படமும் கிடையாது, அதனால் வேறு வழியில்லாமல் கண் நிஜமாகவே பார்க்கும். அந்த முக்கோணம் சரியாக வந்தால் கையும் தோளும் தானாக வந்து உட்காரும். எனக்கு இன்றும் இது அதிசயம்தான்!

அப்புறம் சரிபார்க்கும்போது, கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதுபோல் பென்சிலை நேராகத் தொங்கவிடுங்கள். காதுக்கு நேர் கீழே என்ன வருகிறது? மணிக்கட்டா, முழங்காலா? தலையைப் பென்சிலால் அளக்க ஒரு கண்ணை மூடி, பென்சில் பிடித்த கையை முழுசாக நீட்டுங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும்.

சென்னை பெரியமேடு ஓவியக் கல்லூரியில் படித்த ஓவியர் ஆதிமூலம், 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்த கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள். வெறும் கோட்டிலேயே காந்தி!

வரைவதற்கு முன் ஆடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முடித்ததும் சுற்றி நிற்கும் பசங்களிடம் காட்டுங்கள். "முழங்கை இன்னும் மேல வரும்ணே" என்று அவர்களே திருத்துவார்கள். முதலில் வரைந்தது, திருத்தியது இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். அடுத்த வீடியோவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.