பூத்தில் உட்காரும் ஆள்

நேயர்களுக்கு வணக்கம்.

அடிமட்டத் தொண்டருக்கும் ஓட்டு ஒன்றுதான். 'இவன் எங்கே போய்விடப் போகிறான், எப்படியும் நமக்குத்தான் போடுவான்' என்று தலைமை நினைக்கிறது. நேற்று மாற்றுக் கட்சியிலிருந்து வந்தவருக்கு சீட்டைத் தூக்கிக் கொடுக்கிறது. தொண்டர் ஓட்டை மாற்றிப் போடமாட்டார் என்பது பெரும்பாலும் சரிதான். கணக்கு பிசகுவது வேறு இடத்தில்.

ஒரு சட்டமன்றத் தொகுதியில் சுமார் 300 வாக்குச்சாவடிகள். ஒவ்வொன்றிலும் தன் சார்பில் உட்கார்ந்து கண்காணிக்க வேட்பாளர் ஒரு ஏஜெண்டையும் இரண்டு மாற்று ஏஜெண்டுகளையும் வைக்கலாம். ஆக, 900 பேர். காலை 7 மணிக்கு வாக்குப்பதிவு என்றால் 5.30-க்கு மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டுப் போட்டுப் பார்த்து, எண்ணி, அழித்துவிட்டு இயந்திரத்துக்கு சீல் வைப்பார்கள். அந்த நேரத்துக்கு, ஏஜெண்டை நியமிக்கும் படிவம் 10-இல் வேட்பாளரின் கையெழுத்தோடு ஆள் அங்கே இருக்க வேண்டும்.

கூலிக்கு ஆள் பிடித்து உட்கார வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம். ஆனால் அடுத்தவர் பெயரில் ஒருவர் ஓட்டுப் போட வந்தால் ஆட்சேபிக்கக் கட்டணம் 2 ரூபாய்தான்; அதற்கு முகம் தெரிந்திருக்க வேண்டும். இறந்தவர் யார், திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் யார், எந்த வீட்டு மருமகள் இன்னும் வரவில்லை என்பது தெருக்காரருக்கே தெரியும். சாவடிக்கு 100 மீட்டருக்கு அப்பால் மேசை போட்டிருப்பவர், எந்தத் தெரு இன்னும் வரவில்லை என்று மதியத்துக்குள் சொல்லிவிடுவார். ஆள் போய்க் கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் பத்திருபது ஓட்டு கூடும். 300 சாவடிக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள். கடைசியில் 17சி படிவம்: பதிவான மொத்த ஓட்டின் கணக்கு. எண்ணிக்கை நாளில் இயந்திரம் காட்டும் மொத்தத்தை அதோடுதான் ஒப்பிட வேண்டும். அதை வாங்கும்வரை கூலிக்கு வந்தவர் எங்கே காத்திருக்கப் போகிறார்?

மனம் கசந்த தொண்டர் கட்சி மாறுவது குறைவு. உள்ளடி வேலை பார்த்தார் என்று பிறகு பழி போடுவார்கள். அநேகமாக அவர் எதையுமே பார்த்திருக்க மாட்டார். வருவார், உட்காருவார், யாரையும் கூப்பிடமாட்டார். கூட்டத்துக்கும் வந்து கை தட்டியிருப்பார். அதனால் எண்ணிக்கை நாள் வரை தலைமைக்கு ஒன்றும் தெரியாது.

மொத்தமாகக் கிளம்பிப் போனதும் உண்டு. 1971-இல் தி.மு.க. 184 சட்டமன்ற இடங்களை வென்றது. 1972 அக்டோபரில், பொதுக்கூட்டத்தில் கட்சியிடம் கணக்குக் கேட்ட பொருளாளர் எம்.ஜி.ஆர். நீக்கப்பட்டார். நீக்கியது ஒருவரைத்தான். ஆனால் பல ஊர்களில் ரசிகர் மன்றத்துக்காரர்தான் கட்சிக்குப் போஸ்டர் ஒட்டியவர், பூத்தில் உட்கார்ந்தவர். அக்டோபர் 17-இல் அவருடைய புதுக்கட்சி அ.தி.மு.க. பிறந்தபோது ஊருக்கு ஊர் கிளை தயாராக இருந்தது. 1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். தொகுதி தி.மு.க.வுடையது, ஆட்சியும் அதன் கையில். அ.தி.மு.க.வின் மாயத்தேவர் இரட்டை இலையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆளுங்கட்சி மூன்றாம் இடம். 1977 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. தோற்றதற்கு வேறு காரணங்களும் சொல்லலாம். திண்டுக்கல்லுக்கு அப்படிச் சொல்வது கடினம்.

கூட்டணி என்றால் சீட்டை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். அதைக் கிளைச் செயலாளர் டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. பட்டியல் வெளிவருவதற்கு முன்பே மாவட்டச் செயலாளர் ஒன்றியம் ஒன்றியமாக உட்கார்ந்து, ஏன் என்று சொல்லி, திட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும். வேட்பாளரின் முதல் சுற்று மண்டபத்தில் அல்ல, கிளைச் செயலாளர்களின் வீடுகளில். பூத் ஏஜெண்ட் பட்டியலை இரண்டு வாரம் முன்பே வாங்கி, போன தேர்தல் பட்டியலோடு வைத்துப் பார்க்க வேண்டும். போன முறை உட்கார்ந்தவர் இந்த முறை 'உடம்புக்கு முடியல' என்கிறாரா? ஐந்தாறு பூத்தில் என்றால் நம்பலாம். ஒரே ஒன்றியத்தில் நாற்பது பூத்தில் அதே பதில் வந்தால், வேட்பாளர் மறுநாள் காலையில் அங்கே இருக்க வேண்டும்.