கிரியாட்டினின் 1.1, யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம். தருமபுரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் நான். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது, எந்த எண்ணாவது கறுப்பாக அழுத்தி அச்சாகியிருக்கிறதா என்பதைத்தான். இல்லையென்றால் தாள் நாலாக மடிந்து சட்டைப்பைக்குள் போய்விடும். கிரியாட்டினின் விஷயத்தில் அந்த அவசரம் வேண்டாம்.

கிரியாட்டினின் என்பது நம் தசைகளில் தினமும் உண்டாகும் ஒரு கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டிச் சிறுநீரில் அனுப்புகிறது. வடிகட்டல் குறைந்தால் ரத்தத்தில் தேங்கும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஆண்களுக்கு 0.7 முதல் 1.3 மில்லிகிராம் வரை, பெண்களுக்கு 0.6 முதல் 1.1 வரை சரியான அளவு என்று பல கூடங்கள் அச்சடிக்கின்றன.

இப்போது 25 வயது இளைஞர் ஒருவர், 70 வயதுப் பாட்டி ஒருவர். இருவருக்கும் 1.1. இரண்டு தாளிலும் அழுத்தெழுத்து இருக்காது. ஆனால் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், இளைஞரின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 95 மில்லிக்கு மேல், பாட்டிக்கு 54தான். இதைத்தான் இ.ஜி.எஃப்.ஆர். என்கிறார்கள். அது 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று கணக்கு. ஆக பாட்டியின் தாளை மடிக்கக் கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். தாளில் இ.ஜி.எஃப்.ஆர். இல்லையா? கேளுங்கள். அதற்காக இன்னொரு முறை ஊசி குத்த வேண்டியதில்லை, வெறும் கணக்குதான்.

இன்னொன்று. கிரியாட்டினின் 5லிருந்து 6 ஆனால் வீடே பதறும். 1லிருந்து 2 ஆனால், 'ஒண்ணுதானே கூடியிருக்கு' என்பார்கள். உண்மையில் பாதிக்கு மேல் திறன் போவது அந்த ஒன்றில்தான். அதனால் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கூடவே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் ஏறுவதற்கு வெகு முன்பே அது காட்டிக் கொடுத்துவிடும்.

எண் ஏறினாலே நோய் என்றும் இல்லை. முந்தின நாள் கறி விருந்து, வெயிலில் மாங்காய் லோடு ஏற்றித் தண்ணீர் குடிக்காமல் வந்தது, இவையும் ஏற்றும். டாக்டர் சொன்னால் சில நாள் கழித்து மறுபடி பார்க்கலாம். அப்புறம், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் கெட்ட சிறுநீரகம் சரியாகிவிடும் என்பதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. முற்றிய நோயாளிக்கு அது மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சங்கதி உண்டு. இங்கே பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதற்காகத்தான். உடம்புக்குள் போகும் ஃபுளோரைடைப் பெரும்பாலும் வெளியேற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்தால் ஃபுளோரைடு எலும்பில் தங்கும். மூட்டும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கி மாதக்கணக்கில் போடுவார்கள். அந்த மாத்திரை சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். இப்படியே ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும். முட்டிவலிக்காரர்களிடம் நான் சர்க்கரையைக் கேட்பதற்கு முன்பே என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்பது இதனால்தான்.

போர் தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரை வையுங்கள். போர் தண்ணீர் துவைக்க, குளிக்க இருக்கட்டும். வலி மாத்திரை வாங்கப் போகும்போது கடைசி ரிப்போர்ட்டையும் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.