டவர் இல்லாத இரவில் நம் கைக்கடிகாரம்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாணவர்களும் கடலோர ஊர்க்காரர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் கையில் ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. சிலரிடம் இயர்பட்ஸ். போன் இல்லாதவர் அநேகமாக இல்லை. இவை இந்த நிமிடமும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. இதை வைத்து 2010இல் பெல்ஃபாஸ்ட் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகத்துப் பொறியாளர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். ஒருவர் உடம்பில் அணிந்த கருவி பக்கத்து ஆளின் கருவியோடு பேசட்டும், அது அடுத்தவரின் கருவிக்குச் சொல்லட்டும், இப்படி ஆட்களே நெட்வொர்க்கின் கணுக்களாகிவிட்டால் டவர்களின் தேவை குறையும் என்றார்கள்.

அன்று அது ஆராய்ச்சிக்கூடத்துப் பேச்சு. இன்று அதில் ஒரு பகுதி நடந்துகொண்டிருக்கிறது. 2021இல் ஆப்பிள் நிறுவனம் ஏர்டேக் என்ற சிறு வில்லையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம். அதில் சிம்மும் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை. ஒரு பட்டன் பேட்டரியில் ஏறக்குறைய ஓராண்டு ஓடும். சாவி தொலைந்தால், அந்த வழியாக நடந்துபோகும் யாரோ ஒருவரின் ஐபோன் வில்லையின் ப்ளூடூத் சிக்னலைப் பிடித்து, இருக்கும் இடத்தைச் சங்கேதமாக்கி மேலே அனுப்பிவிடும். உரியவர் மட்டுமே அதைப் படிக்க முடியும். நடந்துபோனவருக்கு எதுவுமே தெரியாது. 2024இல் கூகுளும் ஆண்ட்ராய்டு போன்களில் இதே போன்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. ஆக, நாம் ஏற்கெனவே கணுக்கள்தான். யாரோ ஒருவரின் சாவியைத் தேடிக்கொடுக்கிறோம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே வந்து மணிக்கணக்கில் நகராமல் நின்றது. அதன் பிறகு தென்பெண்ணை கரைபுரண்டு வந்தது. இப்படிப்பட்ட நாட்களில் போன் ஏன் செத்துப்போகிறது? பெரும்பாலும் டவர் விழுவதில்லை. கரண்ட் போகிறது. டவரின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரும் வண்டி, மரம் விழுந்த சாலையில் நிற்கிறது. எங்கோ கேபிள் அறுந்திருக்கும். தண்ணீர் சூழ்ந்த தெருவில் இருக்கும் அம்மாவிடம் சுகர் மாத்திரை இருக்கிறதா என்று கேட்க வழியில்லை. ஆனால் அந்தத் தெருவில் ஐம்பது போன் இருக்கும். ஐம்பதிலும் ப்ளூடூத் வேலை செய்யும்.

அப்படியானால் அதற்கென்று ஆப் இருக்கிறதே என்பீர்கள். சரி, இருக்கிறது. ஹாங்காங் போராட்டக்காரர்கள் 2014இல் ஃபயர்சாட்டையும் 2019இல் பிரிட்ஜ்ஃபையையும் பயன்படுத்தினார்கள். இன்டர்நெட் இல்லாமலே போனிலிருந்து போனுக்குச் செய்தி தாவியது. ஆனால் புயல் அடிக்கும்போது பிளே ஸ்டோரைத் திறந்து ஆப் இறக்க முடியாது. முன்பே இறக்கியிருந்தாலும், திரை அணைந்ததும் பேட்டரியை மிச்சப்படுத்த போன் அதைத் தூங்கவைத்துவிடும். தடையில்லாமல் தூங்காமல் ஓடுவது பெரும்பாலும் ஆப்பிள், கூகுள் போன்ற கம்பெனிகளின் சொந்த ஏற்பாடுதான்.

நல்லவாடு மக்கள் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். புதுச்சேரிக்குத் தெற்கே, நமக்குப் பக்கத்து ஊர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் நடத்தியது. கடலில் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்று இன்டர்நெட்டில் எடுத்து, மைக் செட்டில் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியைப் பார்த்துப் பதறிப்போய் வீட்டுக்கு போன் போட்டார். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், எல்லோரும் ஓடுங்கள் என்று மைக்கில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊர் உயிர் தப்பியது. அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காக வாங்கியதல்ல. சாதாரண நாட்களில் பேசிப் பேசி, அது சொன்னால் நம்பலாம் என்று ஊருக்குப் பழகியிருந்தது. நம் கையில் இருக்கும் கருவிக்கும் அந்தப் பழக்கம் வேண்டும் என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

அதனால் நாம் கேட்க வேண்டியது புது ஆப் அல்ல. சாவியைத் தேடிக்கொடுக்க எப்போதும் விழித்திருக்கும் அந்த ப்ளூடூத் வழியைத்தான் அவசரச் செய்திக்குத் திறந்துவிடும்படி கம்பெனிகளிடம் சொல்ல வேண்டும். முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. கொரோனா வந்தபோது ஆப்பிளும் கூகுளும் 2020 ஏப்ரலில் அறிவித்து, மே மாதமே ப்ளூடூத்தைப் பொதுச் சுகாதார ஆப்களுக்குத் திறந்துவிட்டன. இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்திய நாடுகளில், தொற்று உள்ளவர் அருகில் இருந்தோமா என்பதை அவரவர் போனே கண்டுபிடித்துச் சொன்னது. அடையாள எண் அடிக்கடி மாறியது, இருந்த இடம் பதிவாகவில்லை. தொற்றுக்குச் செய்ததைப் புயலுக்கும் செய்யலாம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு உடம்பைக் கொடுத்துவிட முடியாது. வாட்சுக்கு நம் இதயத் துடிப்பு தெரியும், நாம் தூங்கும் நேரம் தெரியும். ஸ்ட்ராவா நிறுவனம் ஓட்டப் பயிற்சிக்காரர்களின் தடங்களைச் சேர்த்து உலக வரைபடமாக வெளியிட்டது. பாலைவனத்தில் ராணுவ முகாம்கள் எங்கே இருக்கின்றன என்பதை அது காட்டிக்கொடுத்தது 2018 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. பிரிட்ஜ்ஃபையில் செய்திகளை மற்றவர்கள் படிக்க முடியும் என்று 2020இல் லண்டன் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடுத்தவர் கடிதத்தை என் கருவி சுமக்கலாம், பிரிக்கக் கூடாது. என் உடம்பைப் பற்றிய எதுவும் அதோடு போகவும் கூடாது. வேண்டாம் என்றால் அணைக்க ஒரு பொத்தான், தெளிவான தமிழில், முதல் திரையிலேயே இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் நம் உடம்பே. அதில் பாதிக்கு மேல் தண்ணீர். ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பு நன்றாக உறிஞ்சிவிடும். போனைப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சில்வர் பீச் மணலில் இயர்பட்ஸில் பாட்டுக் கேட்டுப் பாருங்கள், சில நேரம் விட்டு விட்டு வரும். வீட்டுக்குள் பெரும்பாலும் அப்படி ஆகாது, சுவரில் பட்டுத் திரும்பும் அலை காப்பாற்றிவிடும். வெட்டவெளியில் அந்த உதவி இல்லை. அப்புறம் பேட்டரி. வாட்சில் இருப்பது போன் பேட்டரியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதனால் சுமக்கிற வேலை போனுக்கு, கூப்பிடுகிற வேலை வாட்சுக்கு என்று பிரிப்பதே சரி. ஊருக்கும் ஊருக்கும் நடுவில் ஆளே இல்லாத இடம் வந்தால், செய்தி போனிலேயே காத்திருந்து அந்த மனிதர் நடந்துபோகும்போது கூடவே போகட்டும். தாமதமாகும், ஆனாலும் போய்ச் சேரும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவனாம்பட்டினத்திலிருந்து முதுநகர் வரை போன்களை ஏர்பிளேன் மோடில் போட்டு, ப்ளூடூத்தை மட்டும் ஆன் செய்து, இப்போது கிடைக்கிற ஆப்பை வைத்தே ஒரு செய்தியை அனுப்பிப் பார்ப்போம். பெயர், இருக்கும் இடம், என்ன வேண்டும், இவ்வளவு போதும். எந்தத் தெருவில் அறுந்துபோகிறது, எங்கே பத்து நிமிடம் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்போடு மாவட்ட நிர்வாகத்திடமும் கம்பெனிகளிடமும் போய்க் கேட்போம். இந்தச் சோதனைக்கு வர விரும்பும் மாணவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். கடலோர ஊர்களின் பஞ்சாயத்தார் யாராவது வந்திருந்தால், எந்த ஞாயிறு உங்களுக்குத் தொழில் கெடாது என்று சொல்லுங்கள்.