கதவோரத்து இருளும் பதினொரு எடிட்களும்

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, சொல்ல வேண்டிய கதை பெரிது என்பதால் நேராகப் பொருளுக்கு வருகிறேன்.

ஒரே புகைப்படத்தை நண்பர்கள் பலரிடம் கொடுத்து, அவரவர் விருப்பப்படி எடிட் செய்யச் சொல்லி, வந்தவற்றை வரிசையில் வைத்து மதிப்பெண் இடும் நட்புப் போட்டியில், நடுவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதே இன்றைய கேள்வி. மூலப்படத்திலிருந்து விலகாத விசுவாசத்தை என்கிறது எதிரணி. அந்த மூலத்தில் திருத்தியவர் எதைக் கண்டார் என்பதைப் பார்க்க வேண்டும் என்று வாதாட நாங்கள் வந்திருக்கிறோம்.

எனக்கு முன் பேசிய தோழி அவர்கள் ஒரு வரி சொன்னார், அரங்கமே கைதட்டியது. "மணமகளை அலங்கரித்து அனுப்புங்கள் என்றால், இந்த அணியினர் மணமகளையே மாற்றி அனுப்பிவிடுவார்கள்" என்றார். அழகான வரி. அந்த வரிக்குப் பதில் சொல்லாமல் என்னால் ஓர் அடி நகர முடியாது, ஏனென்றால் எதிரணியின் வாதம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

தோழி அவர்களே, எந்த மணமகளைச் சொல்கிறீர்கள்? பெரும்பாலான கேமராக்களில், ஒளியைப் பதியும் சென்சாரில் உள்ள ஒவ்வொரு பிக்ஸலுக்கு மேலும் ஒரே ஒரு நிற வடிகட்டி இருக்கிறது. கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்பவர் வகுத்து, 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. பாதிப் பிக்ஸல்கள் பச்சையை மட்டும் பார்க்கின்றன, கால் பங்கு சிவப்பை மட்டும், மீதிக் கால் பங்கு நீலத்தை மட்டும். ஆனால் நம் கண்ணுக்கு வந்து சேரும் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறங்களின் அளவும் இருக்கின்றன. அப்படியென்றால் அந்த மூன்றில் ஒன்றுதான் கேமரா உண்மையில் பார்த்தது. மற்ற இரண்டும் பக்கத்துப் பிக்ஸல்களைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்பப்பட்டவை. அந்தக் கணக்கு எதையும் செய்யாமல், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பை அப்படியே திரையில் காட்டினால் இருண்டு, பச்சை படிந்து, யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத ஒன்றாகத்தான் அது தெரியும். அதற்கு வெளிச்ச வளைவு கொடுத்து, வெண்மை எது என்று முடிவு செய்து, கூர்மை ஏற்றி, நமக்கு முகம் தெரியாத ஒரு பொறியாளர் எழுதிய நிரல்தான் கேமராவின் சிறு திரையில் படமாகக் காட்டுகிறது. அதே கோப்பை இரண்டு மென்பொருள்களில் திறந்து பாருங்கள், இரண்டு வேறு படங்கள் உங்கள் முன் நிற்கும். தோழி அவர்கள் மூலம் என்று கைகூப்பி வணங்கும் அந்தப் படமே முதல் எடிட். மணமகளின் அலங்காரமில்லாத முகத்தை இந்த அரங்கில் உள்ள எவரும் பார்த்ததில்லை.

பிலிமைக் கழுவி அச்சிட்ட இருட்டறைக் காலத்திலும் இதுவே நிலை. 1941இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூருக்கு மேலே நிலவு எழுவதைப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் படமெடுத்தார். வெளிச்சமானியைத் தேடியும் கிடைக்காமல், நிலவின் ஒளியளவை நினைவிலிருந்து கணக்கிட்டு எடுத்த படம் அது. அந்த ஒரே நெகட்டிவிலிருந்து தம் வாழ்நாளில் 1300க்கும் மேற்பட்ட பிரதிகளை அவரே அச்சிட்டார். தொடக்கத்தில் அச்சிட்டவற்றில் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரிகின்றன. பிற்காலப் பிரதிகளில் அந்த வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியையே வேதிக் கரைசலில் மறுபடியும் பதப்படுத்தி, கல்லறைச் சிலுவைகள் இருக்கும் முன்புறத்தை வலுப்படுத்தினார். எடுத்தவரும் அவரே, அச்சிட்டவரும் அவரே. எதிரணியின் அளவுகோலை வைத்துக்கொண்டு அந்த வரிசையைப் பார்த்தால், எந்த ஆண்டு ஆடம்ஸைப் போட்டியிலிருந்து நீக்குவீர்கள்?

ஒன்றை மட்டும் மனமார ஒப்புக்கொள்கிறேன். செய்திப் படங்களின் உலகில் விசுவாசமே சட்டம். வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில் கடைசிச் சுற்றுகளுக்கு வரும் படங்களின் ரா கோப்புகளைக் கேட்டு வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்து, இல்லாததைச் சேர்த்தவரையும் இருந்ததை நீக்கியவரையும் வெளியேற்றுகிறார்கள். அது சரி, அங்கே படம் சாட்சி சொல்கிறது. நாம் பேசுவது நண்பர்கள் தம் கோப்பைத் தாமே திறந்து கொடுத்து, "நீ இதில் என்ன பார்க்கிறாய்?" என்று கேட்கும் போட்டியைப் பற்றி. கேள்வியே பார்வையைப் பற்றியது என்னும்போது, பதிலுக்கு மதிப்பெண் விசுவாசத்துக்கு என்றால் அது கேட்ட கேள்விக்கு நியாயமாகாது.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் நடுவராக இருந்த ஒரு போட்டி அது.

நண்பர் ஒருவர் தம் பழைய வீட்டின் முற்றத்தில் மழை பெய்வதைப் படமெடுத்திருந்தார். மழைக்கம்பிகள் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று முற்றத்து ஒளிக்கு அளந்து எடுத்ததால், இடப்பக்கக் கதவோரம் முழுவதும் கரியாகிப் போயிருந்தது. அந்த ரா கோப்பைப் பதினொரு பேருக்குக் கொடுத்தார். விதி ஒன்றே ஒன்று: வேறு படத்திலிருந்து எதையும் கொண்டுவந்து சேர்க்கக் கூடாது. மூன்று நடுவர்களில் நானும் ஒருவன்.

பதினொரு எடிட்களும் வந்தன. ஒருவர் கறுப்பு வெள்ளையாக்கியிருந்தார். ஒருவர் அந்தி வெயிலின் பொன்னிறத்தை ஏற்றியிருந்தார். ஒருவர் சதுரமாக கிராப் செய்து, முற்றத்தையும் கதவோரத்து இருளில் ஒரு கீற்றையும் மட்டும் வைத்திருந்தார். ஒருவர் கூர்மையை அளவுக்கு மீறி ஏற்றியதில் ஓட்டு விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு போல ஹேலோ விழுந்திருந்தது. முதலிடம் பெற்ற எடிட்டில் மழை வெள்ளியாக மின்ன, கதவோரம் துளி மாசு இல்லாத ஆழ்ந்த கறுப்பாக இருந்தது. "நிழல் மிகச் சுத்தம்" என்று என் கையால் குறிப்பு எழுதினேன்.

பதினோராவது எடிட், குழுவுக்குப் புதிதாக வந்த ஓர் இளம்பெண் செய்தது. அவர் கதவோரத்து இருளை மூன்று ஸ்டாப் அளவுக்குத் திறந்திருந்தார். ஒரு ஸ்டாப் ஏற்றினால் வெளிச்சம் இரு மடங்கு, மூன்று ஸ்டாப் ஏற்றினால் எட்டு மடங்கு. வெளிச்சத்தோடு நாய்ஸ் என்னும் பொடிப்புள்ளிகளும் சேர்ந்து எழும் என்பதால், அந்தப் பகுதி முழுவதும் மணலை வாரி இறைத்தது போல் இருந்தது. "நாய்ஸ் மிகுதி, நிழல் வரம்பு மீறித் திறக்கப்பட்டுள்ளது, மூலத்தின் மழைக்கால மனநிலை கெட்டுவிட்டது" என்று எழுதிப் பத்துக்கு நான்கு கொடுத்தேன். மற்ற இருவரும் ஏறக்குறைய அதையே கொடுத்தார்கள். கடைசி இடம்.

நாங்கள் எப்படி மதிப்பிட்டோம் என்பதையும் இந்த அவை அறிய வேண்டும். பதினொன்றையும் ஒரே திரையில் சிறுசிறு கட்டங்களாக அடுக்கி வைத்துப் பார்த்தோம். அப்படிப் பார்ப்பது பெரும் பிழை. பளீரென்ற படத்துக்குப் பக்கத்தில் அடக்கமான படம் செத்துக் கிடக்கும். 1995இல் எட்வர்ட் ஏடல்சன் வெளியிட்ட சதுரங்கப் பலகை மாயத்தோற்றத்தில், ஒரே சாம்பல் நிறமுள்ள இரண்டு கட்டங்கள் சுற்றுப்புறத்தால் ஒன்று வெள்ளையாகவும் மற்றொன்று கறுப்பாகவும் தெரிகின்றன. நாம் அறிந்தே பார்த்தாலும் கண் ஏமாறுகிறது. ஆகவே ஒவ்வோர் எடிட்டையும் தனியாக, முழுத் திரையில், சாம்பல் பின்னணியில், செய்தவர் பெயர் தெரியாமல், ஒரே திரையின் முன் அமர்ந்து பார்க்க வேண்டும் என்று இன்று யார் கேட்டாலும் சொல்வேன். அன்று அப்படிப் பார்க்கவில்லை.

முடிவை அறிவித்தபின், படத்துக்கு உரியவரான நண்பர் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். பதினோராவதுக்கு வந்ததும் நின்றுவிட்டார். பேசவில்லை. வைத்த கண் வாங்காமல் அந்த மணல் படிந்த கதவோரத்தையே பார்த்தார். பிறகு ஒரே ஒரு சொல் சொன்னார்.

"அம்மா."

கதவைப் பிடித்துக்கொண்டு அவருடைய அம்மா நின்றிருந்தார். கேமராவைக் கண்டால் எப்போதும் விலகிப் போய்விடுபவர். அந்த வீட்டின் ஆல்பத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், அவர் மட்டும் இல்லை. அன்று மகன் மழையைப் படமெடுப்பதை, தாம் இருட்டில்தான் நிற்கிறோம் என்ற துணிவில், நின்று பார்த்திருக்கிறார். படமெடுத்த மகனுக்கே அது தெரியாது.

அந்த இளம்பெண்ணிடம் கேட்டோம், எதற்காக அந்த இருளைத் திறந்தீர்கள் என்று. கறுப்புக்குள் இரண்டு ஒளிப்பொட்டுகள் அருகருகே இருந்ததாகவும், சென்சாரில் படிந்த தூசி வெளிச்சப் பொட்டாக விழாது என்பதால் அவை என்னவென்று அறியாமல் விட மனம் வரவில்லை என்றும் சொன்னார். அவை அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் பட்ட முற்றத்து வெளிச்சம். எல்லோருக்கும் கிடைத்த கோப்பில் அந்த இரண்டு பொட்டுகளும் இருந்தன. ஒன்பது பேர் அவற்றைக் கடந்து போனார்கள். நான் முதல் பரிசு கொடுத்தவர், அவை மாசு என்று எண்ணித் துடைத்திருந்தார். நான் பாராட்டிய சுத்தம் அதுதான்.

இப்போது எதிரணியினர் எழுந்து, "அம்மா மூலத்திலேயே இருந்தவர்தானே, ஆகவே அந்தப் பெண் செய்ததுதான் விசுவாசம், வெற்றி எங்களுக்கே" என்று சொல்லலாம். சொல்லுங்கள், ஆனால் அன்று மூலத்தின் மனநிலை, மூலத்தின் இருள், மூலத்தின் சுத்தம் என்று உங்கள் அளவுகோலைக் கையில் பிடித்துத்தான் நாங்கள் மூவரும் அந்த எடிட்டைக் கடைசியில் தள்ளினோம். கோப்பில் அவர் இருந்தார், படத்தில் இல்லை. கோப்பிலிருந்து படத்துக்கு அவரை அழைத்து வந்தது, இரண்டு பொட்டுகளைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாத ஒரு பெண்ணின் பார்வை. மணமகளை மாற்றிவிட்டார்கள் என்றீர்களே தோழி அவர்களே, வாசலில் நின்ற தாயையே பத்துப் பேர் பார்க்காமல் போனார்கள், மூன்று நடுவர்களும் பார்க்கவில்லை.

இன்னும் ஒரு நிமிடம் கொடுங்கள் நடுவர் அவர்களே, முடித்துவிடுகிறேன்.

பதினொரு எடிட்களையும் அச்சிட்டு நண்பரின் வீட்டுக்கு எடுத்துச் சென்றோம். பதினோராவதைத்தான் முதலில் அம்மாவின் கையில் கொடுத்தார் மகன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். கோபித்துக்கொள்வாரோ என்று நாங்கள் பயந்தோம். "மற்றதையும் கொடுங்கள்" என்றார். பத்தையும் முற்றத்துத் தரையில் பரப்பினோம். அவர் குனிந்து, ஒவ்வொரு படத்திலும் கதவோரத்துக் கறுப்பின் மேல் விரலை வைத்து, "இங்கே நிற்கிறேன், இங்கே நிற்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கறுப்பு வெள்ளையில் வைத்தார், பொன்னிறத்தில் வைத்தார், சதுரத்தின் ஓரத்தில் எஞ்சியிருந்த கீற்றிலும் வைத்தார். கடைசியாக முதல் பரிசுப் படத்துக்கு வந்தார். அதில் கண்ணாடியின் பொட்டுகள் இல்லை. விரல் சிறிது தேடியது. பிறகு, மற்றவற்றைப் பார்த்து இடத்தை அளந்துகொண்டு, அந்தச் சுத்தமான கறுப்பின் மேல் விரலை வைத்து, அதற்கு மதிப்பெண் போட்ட என்னை நிமிர்ந்து பார்த்து, "இங்கேயும்தான் நிற்கிறேன் தம்பி" என்றார்.