மச்சான் சிரித்துவிட்டார், எழுத்தாளர் என்று போடலாமா?

அடுத்த கேள்வி, படித்த நாளிலிருந்து மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. மின் வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். இதுவரை 11 சிறுகதைகள் எழுதியிருக்கிறார். மகளின் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குக் கீழே ‘எழுத்தாளர்’ என்று போடச் சொன்னாராம். புரூஃப் பார்த்த மச்சான், “எழுதி மாதம் எவ்வளவு வருகிறது, அத்தான்?” என்று சிரித்துவிட்டார். போடலாமா, கூடாதா?

தாராளமாகப் போடுங்கள். மச்சான் கேட்டது சம்பளக் கணக்கு. எழுதிக் காசு வாங்குபவர்களுக்கு நம்மிடம் வேறு பெயர்கள் இருக்கின்றன. சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருப்பவர் பத்திர எழுத்தர். போலீஸ் ஸ்டேஷனில் இருப்பவர் ரைட்டர். ராபர்ட் கிளைவ் 1744இல் சென்னையில் வந்து இறங்கியபோது கம்பெனியில் அவர் பார்த்த வேலையின் பெயரும் ரைட்டர்தான்! கணக்கு எழுத வந்தவர் பிறகு நம் தலையில் என்ன எழுதினார் என்பது பெரிய கதை, இன்று வேண்டாம்.

எழுத்தாளர் கி. ராஜநாராயணன், நம் கி.ரா., பற்றிப் பேசியபோதும் இதைத்தான் சொன்னேன், பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழின் முதல் நாவல் என்கிறோமே, ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, 1879இல் வந்தது. எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயவரத்தில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக இருந்தவர். நாஞ்சில் நாடன் ஊர் ஊராக அலைந்த விற்பனைப் பிரதிநிதி. கி.ரா. இடைசெவலில் விவசாயி. மச்சான்கள் அவர்களுக்கும் இருந்திருப்பார்கள்.

நானும் ஒருமுறை வங்கிப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ‘எழுத்தாளர்’ என்று எழுதினேன். கவுன்ட்டரில் இருந்த பெண், “எந்த ஆபீஸில் சார்?” என்றார். எழுத்தர் என்று படித்துவிட்டார். அதை அடித்துவிட்டு ‘ஓய்வூதியர்’ என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது உங்களுக்குச் சொல்லும் தைரியம் அன்று எனக்கு வரவில்லை.

அது கிடக்கட்டும். கடிதத்தோடு ஒரு கதையையும் வைத்திருந்தீர்களே, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அதைப் பற்றி. பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு. ரீடிங் எடுக்கப் போகிறவர் பார்க்கிறார், இரண்டு மாதத்துக்கு 7 யூனிட் ஓடியிருக்கிறது. அடுத்த முறையும் 7. அதற்கடுத்த முறையும் 7. முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் பணம் கட்டவும் யாரும் வருவதில்லை. நான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு 5 வாட் பல்பு இரவும் பகலும் அணையாமல் 60 நாள் எரிந்தால் 7 யூனிட் சொச்சம் வருகிறது. பூஜை அறையில் எரியுமே, சின்னச் சிவப்பு பல்பு, அதுவாகத்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்த கை அதை மட்டும் விட்டிருக்கிறது. மறதியா, மனம் வரவில்லையா? சரியாக அந்த இடத்தில் கதையை விட்டுவிட்டு, ரீடிங் எடுப்பவரின் பதவி உயர்வுக்குப் போய்விட்டீர்களே, ஏன் சார்?

கல்யாண வேலை முடியட்டும். அந்த வீட்டைக் கடைசியாகப் பூட்டியது யார் என்று எனக்கு எழுதுங்கள்.