சிம்பொனி கச்சேரியில் அடிதடி! டாங்கோ மேடையேறிய கதை

1953 ஆகஸ்ட், அர்ஜென்டினா தலைநகர் புவெனஸ் அயர்ஸ். சிம்பொனி கச்சேரி முடிகிறது. கைதட்ட வேண்டிய ரசிகர்கள் ஒருவரோடு ஒருவர் கைகலக்கிறார்கள்! காரணம், வயலின், செல்லோவோடு மேடையில் இருந்த இரண்டு பந்தோனியோன்கள்.

[திரையில்: பந்தோனியோன் பொத்தான்கள், மிக அருகில்]

இரண்டு கையாலும் விரித்து மூடி வாசிக்கும் துருத்திப் பெட்டி இது. ஒரே பொத்தானை அழுத்தினாலும் விரிக்கும்போது ஒரு சுரம், மூடும்போது பெரும்பாலும் வேறு சுரம்! பிறந்தது ஜெர்மனியில், பேர் வாங்கியது அர்ஜென்டினாவின் நடன இசையான டாங்கோவில். நடனக் கூடத்துப் பெட்டியை சிம்பொனி மேடையில் ஏற்றலாமா என்பதுதான் சண்டை. ஏற்றியவர், அந்த சிம்பொனியை எழுதிய அஸ்தோர் பியாசோலா. அடுத்த வருடம் பாரிஸில் நாடியா பூலாஞ்சே என்ற ஆசிரியர், டாங்கோதான் உன் பலம் என்று அவருக்குப் புரியவைத்தார். சரி, வரலாறு போதும், இசைக்கு வருவோம்.

எட்டு எண்ணிக்கையை 3, 3, 2 என்று பிரியுங்கள். தகிட தகிட தக. தொடையில் தட்டிப் பாருங்கள், பியாசோலாவின் பாதி இசை உங்கள் கைக்கு வந்துவிடும்.

அப்புறம், எனக்கு உயிரான விஷயம். 1965 முதல் 1970 வரை, புவெனஸ் அயர்ஸின் நான்கு பருவங்களுக்கும் ஒவ்வொரு டாங்கோ எழுதினார் பியாசோலா. 1990களில் ரஷ்ய இசையமைப்பாளர் லியோனிட் தெஸ்யாத்னிகோவ் அவற்றை, வயலின் கலைஞர் கிடோன் க்ரெமரின் தனி வயலினுக்கும் தந்தி வாத்தியக் குழுவுக்குமாக மாற்றி எழுதினார். பந்தோனியோனே கிடையாது! ஆனால் டாங்கோ போகவில்லை. வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரை இருக்கிறதே, அதற்குப் பின்பக்கம் வில்லை அழுத்தி இழுக்கிறார்கள். கரகரவென்று வண்டு கத்துகிறது. டாங்கோ வயலின்காரர்கள் இதை சிச்சாரா என்பார்கள். வயலின் வகுப்பில் செய்தால் திட்டு விழும், இங்கே அதுதான் அழகு!

இன்னும் இருக்கிறது. இத்தாலியின் வெனிஸ் நகரத்து விவால்டியும் முன்பே நான்கு பருவங்களுக்கு இசை எழுதியவர். வெனிஸ் குளிரில் நடுங்கும் டிசம்பரில் புவெனஸ் அயர்ஸில் கோடை. அதனால் தெஸ்யாத்னிகோவ், பியாசோலாவின் கோடைக்குள் விவால்டியின் குளிர்காலத்தை நுழைத்துவிட்டார்! பூமி உருண்டை என்பதை இவ்வளவு குறும்பாக எந்த இசையும் எனக்குச் சொன்னதில்லை.

[திரையில்: வயலின் குதிரையும் வில்லும்]

ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்தக் கோடையை முழுசாகக் கேளுங்கள். விவால்டி எட்டிப் பார்க்கும் இடத்தை நிமிடம், நொடியோடு கமென்ட்டில் எழுதுங்கள். முதலில் சரியாகப் பிடித்தவரின் கமென்ட்டைப் பின் செய்கிறேன்.